பலாப்பழமும் ஜனத்தொகையும்

காஞ்சிபுரத்தை அடுத்துச் செய்யாற்றங்கரையிலுள்ள மாகறலுக்கு ஒரு ஸ்தல புராணம் உண்டு. அங்கு தினம் ஒரு பழம் தரும் பலாமரம் இருந்ததாம். அப்பழத்தைச் சிதம்பரத்துக்குச் சுமக்கும்படி சோழராஜா உத்தரவிட்டானாம். சுமந்தவர்கள் ஊரார், தின்றவர்கள் வேறு. இந்தச் சுமை பொறுக்காத ஒரு சிறுவன் மரத்தைக் கொளுத்திவிட, ராஜா அவனை ஊரைவிட்டே ஓட்டினானாம். கட்டுக்கதைதான். ஆனாலும் ஜனத்தொகையைப் பற்றி இன்று நடக்கும் பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான கதை வேறில்லை.

“ஜனங்கள் பெருத்துவிட்டார்கள், வடநாட்டுக் கூலிகளும் வந்து குவிகிறார்கள், அதனால்தான் தண்ணீர்ப் பஞ்சம்” என்கிறார்கள். வாய் பெருகினால் தண்ணீரும் அதிகம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் பிள்ளைகள் 2019-21ஆம் வருஷக் கணக்குப்படி சராசரி 1.8 தான். அதனால் ஆறு பிழைத்ததா? செய்யாறு போய்ச் சேரும் பாலாற்றில் லாரி லாரியாய் மணல் அள்ளியது ஏழையின் பிள்ளைக்காகவா? அந்தப் பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவைப் பற்றி 1996-இல் தீர்ப்புச் சொன்ன சுப்ரீம் கோர்ட்டு, 2025-இல் மறுபடியும் சொல்ல நேர்ந்தது எதனால்? தின்றவனை விட்டுவிட்டுச் சுமந்தவனின் தலையை எண்ணுவது என்ன நியாயம்?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்கு வரும் பீகார், ஒடிசாக்காரர்களைப் பழிக்கும் தோழர்களை ஒன்று கேட்கிறோம். நம்மவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர் தோட்டத்துக்கும் போனது வயிற்றுப் பிழைப்புக்குத்தானே? 1964-இல் இரண்டு சர்க்கார்கள் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அவர்களை ஆடுமாடுபோல் பங்கு போட்டார்களே, அது நியாயமா? நமக்கு அநியாயமானது பிறர்க்கு நியாயமாகுமா?

நிற்க, மற்றொரு கூட்டம் பார்லிமெண்டில் நமது ஸ்தானங்கள் குறைந்துவிடும் என்று பயந்து, “நிறையப் பெறுங்கள்” என்று உபதேசிக்கிறது. ஸ்தானங்களுக்காக வாதாட வேண்டியதுதான். அதற்குப் பெண்ணின் வயிறா ஆயுதம்? 1930-லேயே நமது இயக்கம் கர்ப்பத்தடையை ஆதரித்தது தேசத்தின் கணக்குக்காக அல்ல, பெண்ணின் விடுதலைக்காகவே. பெறுவதும் பெறாததும் அவள் இஷ்டம். குறைத்துப் பெறு என்று கட்டளையிடவோ, கூட்டிப் பெறு என்று கட்டளையிடவோ எவனுக்கும் யோக்கியதை கிடையாது.

“மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்” என்று சும்மா இருந்தது போதும். ஊற்ற வேண்டியவன் மனிதனே. ஆகவே ஏரியையும் ஆற்றையும் கெடுத்தவனிடம் கணக்குக் கேளுங்கள். உழைக்க வந்தவனிடமும் பெற்றவளிடமும் அல்ல என்பதே நமது அபிப்பிராயம்.