‘ரெஃப்யூஜி’யா, ‘மைக்ரன்ட்’டா? ஒரு வார்த்தை மாறினால் என்ன ஆகும்?

கடலில் ஒரு ரப்பர் படகு. அதில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் மக்கள். இதே காட்சியைப் போட்டு ஒரு சேனல் ‘ரெஃப்யூஜி’ என்கிறது, இன்னொரு சேனல் ‘மைக்ரன்ட்’ என்கிறது. ரெண்டும் ஒண்ணுதானே என்று தோணலாம். இல்லை.

‘மைக்ரன்ட்’ என்றால் இடம் மாறிப் போகிறவர். வேலை, படிப்பு, கல்யாணம்... காரணம் எதுவாகவும் இருக்கலாம். ‘ரெஃப்யூஜி’ அப்படியில்லை. இனம், மதம், தேசியம், சமூகப் பிரிவு, அரசியல் கருத்து ஆகியவற்றால் சொந்த நாட்டில் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான பயத்தில் வெளியேறியவர் என்கிறது 1951 ஐ.நா. அகதிகள் ஒப்பந்தம். உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. மைக்ரன்ட்டுக்கு இந்த ஒப்பந்தத்தின் பாதுகாப்பு கிடையாது. அதனாலதான் 2015-ல் மத்தியத் தரைக்கடல் நெருக்கடியின்போது, ‘மைக்ரன்ட்’ என்ற சொல்லை இனி பயன்படுத்த மாட்டோம் என்று அல் ஜசீரா அறிவித்தது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இலங்கையிலிருந்து வந்தவர்களை நாம் ‘அகதி’ என்றுதான் சொல்கிறோம். (ஆங்கிலச் சொல்லில் அடைக்கலம் இருக்கிறது, தமிழ்ச் சொல்லில் ‘கதியற்றவர்’ என்ற வலிதான் இருக்கிறது.) 2021-ல் தமிழக அரசு முகாம்களின் பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது.

ஆனா சட்டம் என்ன சொல்லுது? 1951 ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. நம் குடியுரிமைச் சட்டத்தில் ‘ரெஃப்யூஜி’ என்ற பிரிவே கிடையாது. இருப்பது ‘இல்லீகல் மைக்ரன்ட்’. செல்லுபடியாகும் ஆவணம் இல்லாமல் வந்தவர்களும், விசா காலம் முடிந்தும் தங்கியவர்களும் இதில் அடக்கம். உயிர் தப்பப் படகேறியவர் பாஸ்போர்ட்டைத் தேடிக்கொண்டா இருப்பார்?

இந்த முத்திரை விழுந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. பிள்ளைகளையும் அது விடாது. அப்பா இந்தியக் குடிமகன், அம்மா முகாமில் வளர்ந்தவர் என்று வைத்துக்கொள்வோம். அம்மா ‘இல்லீகல் மைக்ரன்ட்’ கணக்கில் வந்தால், 2004 டிசம்பர் 3 அல்லது அதற்குப் பிறகு இங்கேயே பிறந்த குழந்தைக்கும் பிறப்பால் குடியுரிமை இல்லை.

2019-ல் வந்த சிஏஏ, பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தினரை இந்த முத்திரையிலிருந்து விடுவித்தது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை.

2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு விலக்கு கொடுத்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து, பதிவு செய்து தங்கியிருக்கும் இலங்கைத் தமிழர்கள் மீது ஆவணம் இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை பாயாது. நிம்மதிதான். ஆனால் இது வெளிநாட்டினர் சட்டத்தில் கிடைத்த விலக்கு. குடியுரிமைச் சட்டத்தில் அந்த ரெண்டு வார்த்தை அப்படியேதான் இருக்கிறது.