ஈபோல் போட்டாச்சு, அப்புறமும் ஏன் நிக்குது?

மறைமலை நகர், ஒரகடம் பக்கம் ஆணி புடுங்குற மக்களுக்கு இந்த மேட்டர் பழக்கமாத்தான் இருக்கும். ஷாப் ஃப்ளோர்ல நாப்பது பிஎல்சி இருக்குனு வைங்க. ஒரு சின்னப் பெட்டி எல்லாத்துகிட்டயும் மோட்பஸ்ல பேசி, டேட்டாவை வாங்கி, ஃபைல்ல எழுதி, சர்வருக்கு அனுப்பணும். மிஷின் அலாரமும் இதே வழிதான்.

"எங்களுது முழுக்க அசின்க்ரனஸ், ஒரே த்ரெட், ஈபோல்"னு பெருமையா சொல்லுவாங்க. ஆனா அதே லூப்புக்குள்ள ஃபைல்ல எழுதி, எஃப்சிங்க்கும் கூப்பிடுவாங்க! எஸ்டி கார்டு அரை செகண்ட் யோசிச்சா நாப்பது மிஷினும் அரை செகண்ட் ஊமை. என்னைக் கேட்டா இதை அசின்க்ரனஸ்னு சொல்லவே கூடாது.

ஈபோல் சொல்றது 'ரெடி'ங்கிற சேதி மட்டும்தான். மெஸ்ஸுல டோக்கன் நம்பர் கூப்பிடுற மாதிரி. தட்டை நாமதான் போய் எடுக்கணும். சாக்கெட்டுக்கு இது அருமையா பொருந்தும். டிஸ்க்ல இருக்குற சாதா ஃபைலுக்குப் பொருந்தாது. 1983-ல் 4.2 பிஎஸ்டியோட வந்த செலக்ட்டைக் கேட்டா, ஃபைல் எப்பவுமே ரெடினு சாதிக்கும். 2002-ல் லினக்ஸுக்கு வந்த ஈபோல் கொஞ்சம் நேர்மையான ஆளு. ஃபைலைக் கொடுத்தா எரர் அடிச்சுத் திருப்பி அனுப்பிடும். நான்-பிளாக்கிங் கொடி போட்டாலும் ஃபைல் அதைக் கண்டுக்காது.

2019-ல் லினக்ஸ் 5.1-ல் ஜென்ஸ் ஆக்ஸ்போ கொண்டு வந்த ஐஓ யூரிங் வேற ரகம். அது 'முடிஞ்சுது'னு சொல்லும், சாப்பாடு டேபிளுக்கே வந்துடும். (விண்டோஸ் என்டிக்காரங்க ஐஓசிபினு இதை 90கள்லயே வெச்சிருந்தாங்க. நம்ம லினக்ஸ் பார்ட்டிங்க ஒத்துக்க மாட்டாங்க :))

அதுக்காக உடனே யூரிங்குக்குத் தாவணும்னு சொல்லல. தன்னோட கர்னல் பரிசுத் திட்டத்துக்கு வந்த எக்ஸ்ப்ளாய்ட்கள்ல 60 சதவீதம் யூரிங் வழியாத்தான்னு கூகுள் 2023-ல் எழுதிச்சு, குரோம்ஓஎஸ்ல அதை மூடியும் வெச்சுது. தவிர, பழைய 4.x கர்னல் ஓடுற பெட்டியில யூரிங்கே கிடையாது.

நாப்பது மிஷினுக்கு அவ்வளவு பெரிய பீரங்கி எதுக்கு? ஃபைல் வேலையைத் தனி த்ரெட்டுக்குத் தள்ளுங்க, முடிஞ்சதும் ஈவென்ட்எஃப்டி வழியா லூப்பைத் தட்டுங்க. நோட்.ஜேஎஸ்ஸுக்குள்ள இருக்குற லிப்யூவி ஃபைலுக்குப் பண்றதும் இதே மாதிரிதான், நாலு த்ரெட் வெச்சுக்கிட்டு.

ஒண்ணு மட்டும். அந்த த்ரெட்டுக்கு முன்னாடி நிக்குற க்யூவுக்கு ஒரு எல்லை வேணும். நிரம்பினா எதைக் கழட்டி விடறதுனு நாம உக்காந்து முடிவு பண்ணாம, ப்ரொடக்‌ஷன் ஆளுங்ககிட்ட கேளுங்க. டெம்பரேச்சர் லாக் ஒரு நிமிஷம் போனா அவங்க பரவால்லனு விட்டுருவாங்க. எமர்ஜென்சி ஸ்டாப் எத்தனை மணிக்கு அமுக்கினாங்கங்கிறது போச்சுனா விட மாட்டாங்க.