புதுப்பொருளும் பாலாறும்

ஆவாரம்பட்டைச் சாற்றில் தோல் வாரக்கணக்கில் ஊறிய காலம் நம் ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிக்கு இருந்தது. பின்னர்க் குரோமிய உப்பு வந்தது; பதனிடுதல் ஓரிரு நாளில் முடிந்தது. அன்றைக்கு அதுவே புதுப்பொருள். அதனை வரவேற்றதில் பிழையில்லை. கழிவுநீர் எங்கே போய்ச் சேரும் என்று கேளாததே பிழை. கிணறுகள் உவர்த்த பின்னரே, வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அந்நீதிமன்றம் மீண்டும் தீர்ப்புரைக்க நேர்ந்தது.

இன்று புதுப்பொருள் என்றால் வெயிலையும் வெப்பத்தையும் மின்சாரமாக்கும் பொருள்கள். 2009-இல் ஜப்பானில் மியாசாகா குழுவினர் பெரோவ்ஸ்கைட் படிகத்தால் சூரிய மின்கலம் செய்தனர். நூற்றுக்கு நான்குக்கும் குறைவாக இருந்த அதன் திறன் இன்று 25-ஐக் கடந்துவிட்டது. வெப்பமின் பொருள்களுக்கோ 1821-இல் சீபெக் கண்ட விளைவே அடிப்படை. 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் கலங்களுக்கு அவ்வழியில்தான் மின்சாரம் கிடைத்தது.

இவை நமக்கு எட்டாத செய்திகள் அல்ல. கழிவுநீரைச் சுத்திகரித்தபின் எஞ்சும் உப்புக் கரைசலைக் கொதிகலன் நீராவியால் வற்றச் செய்கிறோம். புகைபோக்கி வழியே வெப்பம் வீணாகிறது. அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட வெப்பமின் பொருள்கள் மின்சாரமாக்குவது அரிது. ஆயினும் விறகுச் செலவறிந்த முதலாளிமார்க்கு அதுவும் ஆசை காட்டும்.

ஆசையைக் குறை கூறவில்லை. ஆனால் திறன்மிக்க பெரோவ்ஸ்கைட் கலங்களில் ஈயம் இருக்கிறது. தகடு உடைந்து நீர் புகுந்தால் கரைந்து வெளியேறக்கூடிய ஈயம். வெப்பமின் கருவிகளில் பெரிதும் பயன்படும் பிஸ்மத் டெல்லுரைடிலுள்ள டெல்லூரியமோ உலகில் மிக அரிய தனிமம். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற, இலட்சம் டன்னைக் கடந்த கழிவை அறிந்த நாம் இவற்றைக் கேட்டுவிட்டு வாளாவிருக்கலாமா? பூமி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத் என்று ஜும்ஆதோறும் கேட்கிறோமே!

வேதியியல் அறியாத தமிழாசிரியன் நான். எனினும் ஒன்று கேட்பேன்: புதுப்பொருள் பற்றி ஆய்வேடு எழுதும் நம் மாணவர், அதன் கழிவைப் பற்றி ஓர் இயல் எழுதட்டும், திறனைக் கூறும் இயலுக்கு முன்னால் அது நிற்கட்டும். தொழிலாளர் படிக்கும் தமிழில் அதனை ஆக்கித்தரத் தமிழ்த்துறை முன்வரவேண்டும். 2022-ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகள் சூரியத் தகடுகளையும் உள்ளடக்கியவை. தொழிற்சாலைக் கூரையில் தகடு பதிக்கும் பெரியோர், பழுதானதைத் திரும்பப் பெறுவது யார் என்பதை விலை பேசும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.