ஆட்டிறைச்சி எத்தனை கிலோ என்பது முடிவாகிவிட்டது

ஸ்காபரோவில் வசிக்கும் எனது மருமகன் வருகிற பெப்ரவரியில் பதினான்கு பேரை அழைத்துக்கொண்டு காட்டுக்குப் போகத் திட்டமிடுகிறான். இரண்டு இரவுகள் கூடாரத்தில் தங்குவதாக ஏற்பாடு. கோடையில் போனால் யாரும் வாய் திறந்திருக்கமாட்டார்கள். இவன் தேர்ந்திருப்பது பனிக்காலத்தின் நட்ட நடுவை. 2008ஆம் ஆண்டிலிருந்து ஒன்ராறியோ மாகாணத்தில் பெப்ரவரி மூன்றாவது திங்கட்கிழமை குடும்ப தினம் என்ற பெயரில் விடுமுறையாக இருக்கிறது. அந்த நீண்ட வார இறுதிக்குத்தான் இந்த ஆயத்தம்.

போகுமிடம் அல்கொன்குவின் பூங்கா. பூங்கா என்றதும் யாழ்ப்பாணத்துச் சுப்பிரமணியம் பூங்காவை நினைத்துவிடக் கூடாது. 1893இல் ஒதுக்கப்பட்ட இந்தக் காட்டின் பரப்பு 7,600 சதுர கிலோமீற்றருக்கும் அதிகம். எமது யாழ்ப்பாண மாவட்டத்தை ஏழு தடவை உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். அதன் தென்பகுதியை ஊடறுத்து 60ஆம் இலக்க நெடுஞ்சாலை செல்கிறது. அந்தச் சாலையோரத்திலே மியூ லேக் என்னும் முகாமிடம் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும்.

இதற்கென ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். கொழும்பில் இருக்கும் என்னையும் ஏனோ அதில் சேர்த்துவிட்டார்கள். பத்திரிகைக்காரனின் தீராத வியாதியாக, வந்த அத்தனை செய்திகளையும் முதலிலிருந்து கடைசி வரை வாசித்தேன். மூன்று வாரங்களில் முந்நூறுக்கும் மேற்பட்டவை. முடிவானவை இவ்வளவுதான்: ஆட்டிறைச்சி எட்டுக் கிலோ, அதை முதல் நாளே சரக்குத்தூள் போட்டுப் பிரட்டி வைப்பது, கொத்துரொட்டித் தகடு யாருடைய வீட்டிலிருந்து வரும் என்பது, முந்நூற்று நாலு விளையாட இரண்டு கடதாசிக் கட்டுகள், ஓர் ஒலிபெருக்கி. யாரிடம் என்ன உறக்கப்பை இருக்கிறது என்று ஒருவர் கூடக் கேட்கவில்லை. மருமகனிடம் இதைச் சொன்னபோது, "மாமா, சாப்பாடு சரியெண்டா மிச்சமெல்லாம் தன்பாட்டில சரிவரும்" என்றான். எங்கள் சனத்தின் திட்டமிடற் கலை முழுவதும் அந்த ஒற்றை வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது.

இந்தப் பயணமே பைத்தியக்காரத்தனம் என்று சொல்பவர்களின் பக்கம் நான் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். "காசு குடுத்துக் குளிர வேணுமோ?" என்று குழுவில் ஒரு மூத்தவர் எழுதியிருந்தார். கேள்வியில் நியாயம் இருப்பது போலத் தோன்றும். ஆனால் முப்பது, நாற்பது ஆண்டுகளாக அந்த நாட்டில் வாழ்ந்தும், பனியை வீட்டு வாசலில் மண்வாரியால் அள்ளி எறியும் தொல்லையாக மட்டுமே அறிந்தவர்கள் எங்களில் எத்தனை பேர்? வீட்டிலிருந்து காருக்கு, காரிலிருந்து வேலைத்தலத்துக்கு என்று ஆண்டின் ஐந்து மாதங்கள் கழிந்துபோகின்றன. அங்கே பிறந்த பிள்ளைகள் இதை ஏற்க மறுக்கிறார்கள். தங்கள் நாட்டின் காட்டையும் உறைந்த ஏரியையும் காண விரும்புகிறார்கள். அவர்கள் கேட்பது சரி. போகத்தான் வேண்டும். எனது வழக்கெல்லாம், இறைச்சியில் தொடங்கும் திட்டம் அந்தக் காட்டுக்குப் பொருந்தாது என்பதுதான்.

பெப்ரவரி நடுப்பகுதியில் அங்கே மாலை ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மீண்டும் உதிப்பது காலை ஏழு மணிக்குப் பிறகு. பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேற்பட்ட இருள். பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை செல்சியஸ் என்பது அங்கே அசாதாரணமான இரவல்ல. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து ஐந்து மணிக்குப் புறப்படுவதாகத் திட்டம். பாதை சுகமாக இருந்தாலே மூன்று மணித்தியாலத்துக்கு மேலாகும். ஆகவே இவர்கள் கூடாரம் அடிக்கப்போவது கும்மிருட்டில், பனியை மிதித்து இறுக்கி, கையுறையைக் கழற்றிக் கயிறு முடிந்து. இதை முன்னர் ஒருநாளும் செய்து பாராதவர்கள். சனிக்கிழமை விடியப் புறப்பட்டால் என்ன என்று கேட்டேன். "ஒரு இரவு வீணாப் போயிடும் மாமா" என்று பதில் வந்தது.

உறக்கப்பை விடயத்துக்கு வருவோம். கடையில் அதன் மேல் ஒரு வெப்பநிலை அச்சிடப்பட்டிருக்கும். பூச்சியத்துக்குக் கீழே 20 என்று கண்டால் அந்தக் குளிரில் சுகமாகத் தூங்கலாம் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் சர்வதேசத் தர அளவீட்டில் ஒரே பைக்கு மூன்று எண்கள் உண்டு. சுகமாக உறங்கக்கூடிய எல்லை ஒன்று. உடலைக் குறுக்கிக்கொண்டு சமாளிக்கக்கூடிய எல்லை இன்னொன்று. மூன்றாவது, உயிர் தப்பலாம் என்கிற எல்லை. விற்பவர்களிற் சிலர் மூன்றாவதைப் பெரிய எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். வாங்கும்போது முதலாவது எண்ணைத் தேட வேண்டும். அதைவிட முக்கியம் கீழே விரிக்கும் மெத்தை. உடற்பாரத்தால் நசுங்கிய பையின் அடிப்பாகம் குளிரைத் தடுக்காது. உறைந்த நிலம் இரவு முழுவதும் உடற்சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கோடையில் காற்று நிரப்பிப் படுக்கும் சாதாரண மெத்தை இதற்கு உதவாது. மூடிய நுரைப்பாய் ஒன்றை அடியில் போட்டு, அதன் மேல் பனிக்காலத்துக்கான மெத்தையை விரிப்பது அனுபவசாலிகளின் வழக்கம்.

பருத்தி உடையும் அப்படித்தான். எங்கள் ஊர் வெயிலுக்கு அதைப் போல உடை கிடையாது. பனிக்காட்டிலோ, விறகு சுமந்து வியர்த்த பருத்திச் சட்டை காயாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டைக் களவாடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும். இவர்கள் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பருத்தி மேலாடை அச்சடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். புகைப்படத்துக்கு அழகாகத்தான் இருக்கும்.

அடுப்பைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. எங்கள் வீடுகளில் கொத்துரொட்டிக்கும் தோசைக்கும் பயன்படும் கையடக்க அடுப்பில் பொருத்துவது பியூற்றேன் வாயுக் குப்பி. பியூற்றேன் பூச்சியப் பாகைக்குச் சற்றுக் கீழேயே திரவமாகிவிடும். குப்பி நிறைய எரிபொருள் இருக்கும், அடுப்போ எரியாது. புரொப்பேன் பூச்சியத்துக்குக் கீழே 42 பாகை வரை வாயுவாகவே இருக்கும். ஆகவே கொண்டுபோக வேண்டியது புரொப்பேன் அடுப்பு. இது தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? எரியாத அடுப்பையும் குப்பியையும் சூடாக்கவென்று கூடாரத்துக்குள் எடுத்துச் செல்வார்கள். அங்கேயே பற்றவைப்பார்கள். அல்லது இறைச்சி வாட்டிய கரித்தட்டில் தணல் மிச்சம் இருக்கிறதே, புகையும் இல்லையே என்று அதைத் தூக்கி உள்ளே வைப்பார்கள்.

நுவரெலியாப் பக்கக் குளிரில் மூடிய அறைக்குள் கரியடுப்பை வைத்துவிட்டு உறங்கியவர்கள் காலையில் எழும்பவில்லை என்ற செய்தியை நானே செப்பனிட்டு அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் அது ஒட்சிசனை விட இருநூறு மடங்குக்கும் மேலான நாட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். முதலில் தலையிடி, பிறகு அசதி. குளிரிலும் களைப்பிலும் கிடப்பவருக்கு அது நித்திரை வருவது போலத்தான் இருக்கும். புகையாத தணல் ஆபத்தற்றது என்பது எங்கள் சமையலறை அனுபவம், ஆனால் அந்தச் சமையலறைகளுக்கு ஓட்டிடுக்கும் புகைக்கூடும் இருந்தன. கூடாரத்துக்குள் எரிவது எதுவும் போகக் கூடாது. இந்த ஒரு விடயத்தில் மட்டும் நான் குழுவில் எல்லோருக்கும் மாமாவாகி, கட்டளையாகவே எழுதிவிட்டேன்.

ஏரியைப் பற்றியும் ஒரு சொல். உறைந்த ஏரியில் தனியொருவர் நடக்க 15 சென்ரிமீற்றர் தடிப்பும், பலர் சேர்ந்து சறுக்கி விளையாட 20 சென்ரிமீற்றரும் வேண்டுமென்று கனேடியச் செஞ்சிலுவைச் சங்கம் சொல்லிவந்திருக்கிறது. நீரோடை கலக்குமிடங்களில் ஏரி நடுவே தடிப்பாக இருப்பது கொண்டு எதையும் கணிக்க முடியாது. தப்பித்தவறி விழுந்தவருக்கு மனிற்ரோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிறெக்ற் வகுத்த கணக்கொன்று உண்டு: மூச்சை அடக்கி நிதானத்துக்கு வர ஒரு நிமிடம், கைகால்கள் சொன்னபடி கேட்கப் பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணித்தியாலம். முதல் நிமிடத்தில் பதறாதிருப்பவர் பிழைப்பதற்கு நேரம் இருக்கிறது. இதை அறியாதவர் அந்த ஒரு நிமிடத்திலேயே தண்ணீரைக் குடித்துவிடக்கூடும்.

விறகை ஸ்காபரோ வீட்டுக் கொல்லையிலிருந்து கொண்டுபோகும் எண்ணமும் இருந்தது. பட்டுப்போன ஆஷ் மரமொன்றாம். அந்த மரங்களைக் கொன்ற மரகத நிற வண்டு 2002இல் கனடாவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அது புதிய காடுகளுக்குப் பரவியதில் விறகுப் பயணங்களுக்குப் பெரும் பங்குண்டு. விறகை அந்தந்த இடத்திலேயே வாங்க வேண்டும். மருமகன் உடனே ஒத்துக்கொண்டான். காரில் இறைச்சிப் பெட்டிக்கு இடம் கிடைக்கிறதல்லவா.

குளிர் உடம்பைத் தாக்குமுன் வெட்கம் தாக்கிவிடும். பதினான்கு பேரில் ஒருவருக்காவது இரவு பதினொரு மணியளவில் தாங்க முடியாமற் போகும். மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது அவர் வாய் திறக்கமாட்டார். உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் நாக்குக் குழறும், கால் தடுமாறும், பிறகு நடுக்கமும் நின்றுவிடும். நடுக்கம் நின்றதைக் குணமென்று நினைப்பது பெரும் பிழை. மது அருந்தியவருக்கும் இதே குழறல்தான், ஆகவே பக்கத்திலிருப்பவர் பகிடி பண்ணிவிட்டுப் போய்விடுவார். தோலின் குருதிக்குழாய்களை விரித்துச் சூட்டை வெளியேற்றுவதால் மது நிலைமையை இன்னும் மோசமாக்கும். எனவே இருவர் இருவராகச் சோடி சேர்த்து, ஒருவரை ஒருவர் கவனிக்கும் பொறுப்பைப் பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும். திரும்பிப் போவோம் என்று யார் கேட்டாலும், காரணம் கேளாமல் ஒரு கார் புறப்பட வேண்டும். பல இடங்களில் கைப்பேசி அலை கிடைக்காத காட்டில் இதை அங்கே போய்த் தீர்மானிக்க முடியாது.

அக்காவும் அத்தானும் பட்டியலில் இருக்கிறார்கள். அக்காவுக்கு வயது அறுபத்தாறு. மியூ லேக்கில் யூர்ற் என்னும் வட்டவடிவக் குடில்கள் உண்டு. மின்சாரச் சூடேற்றி உள்ளவை, ஆறு பேர் படுக்கலாம். முன்பதிவு ஐந்து மாதங்களுக்கு முன்பே திறந்துவிடுகிறது. மருமகன் எழும்பிப் பார்த்தபோது அந்த வார இறுதிக்கு எல்லாம் போய்விட்டன. கூடாரத்துக்கான மூன்று இடங்களை மட்டும் எடுத்திருக்கிறான். யாரேனும் விலகினால் கிடைக்குமென்று நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கிறான். கிடைக்காவிட்டால் விடுமுறையைக் கைவிட்டு வேறொரு வார இறுதிக்கு மாற்ற வேண்டும் என்பது என் கட்சி. அறுபத்தாறு வயதுப் பெண்ணை நிலத்தில் படுக்கவைத்துக் குடும்ப தினம் கொண்டாட வேண்டியதில்லை.

அத்தான் இந்த முந்நூறு செய்திகளில் ஒன்றுக்குக்கூடப் பதில் எழுதவில்லை. அப்பாவுக்கு விருப்பமில்லை, வயது போய்விட்டது என்று மருமகன் எண்ணியிருந்தான். காரணம் எனக்குத் தெரியும். அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் அவர் கொழும்பிலிருந்து மொஸ்கோ போய், அங்கிருந்து உக்ரேனுக்குக் கொண்டுபோகப்பட்டு, எல்லையோர நகரமொன்றின் தொடர்மாடி அறையில் மாதக்கணக்கில் அடைந்து கிடந்தவர். முகவர்களை நம்பி அந்தப் பாதையில் போன எங்கள் பிள்ளைகள் அநேகர். ஒரு தை மாத இரவில் பதினொரு பேராக எல்லைக் காட்டைக் கடந்தார்கள். காலில் கொழும்பில் வாங்கிய சப்பாத்து. இடது காலின் இரண்டு விரல் நுனிகள் இன்று அவருக்கு இல்லை. இதை அவர் மகனுக்குச் சொன்னதே கிடையாது. அங்கே எவரையும் உட்காரவிடவில்லையாம். நித்திரை வருகிறது, என்னை விட்டுவிட்டுப் போங்கள் என்று கெஞ்சிய பெடியனை இருவர் கையைப் பிடித்து இழுத்தே நடத்தினார்களாம். சட்டைக்குள் பழைய பத்திரிகைத் தாள்களைத் திணித்துக்கொண்டார்களாம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகையில் எழுதிய எனக்கு, அதன் பயனைப் பற்றி இவ்வளவு நேரடியான சாட்சியம் வேறெவரும் தந்ததில்லை.

பதினான்கு பேரில் பனிக்காட்டில் ஓர் இரவைக் கழித்த ஒரே மனிதர் அவர். அவரிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாரோ என்பது வேறு விடயம்.

சென்ற ஞாயிறு நானே தொலைபேசி எடுத்தேன். நெடுநேரம் வேறு கதைகள் கதைத்த பிறகு அவர் ஒன்றே ஒன்றைக் கேட்டார்.

"கார் எவ்வளவு தூரத்தில நிக்கும்?"

மருமகனிடம் விசாரித்துச் சொன்னேன்: கூடாரத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும், நெடுஞ்சாலையும் கிட்டத்தான். "ம்ம், பாப்பம்" என்று வைத்துவிட்டார்.

அன்றிரவு குழுவில் அவரது முதற் செய்தி வந்தது. "எல்லாரும் கம்பளிக் காலுறை மூண்டு சோடி கொண்டு வரவேணும். ஒரு சோடி படுக்கைக்கு மட்டும். அதைப் பகலில போடக் கூடாது."

"அப்பா, நீங்களும் வாறீங்களோ?" என்று மருமகன் உடனே கேட்டிருந்தான். இதை எழுதி முடிக்கும் வரை பதில் வரவில்லை.