ராக்கெட் இறங்குவது எப்படி?

ராக்கெட் மேலே கிளம்பினால் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். கை தட்டுகிறார்கள். அது கீழே வருவதைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்?

2023-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி, பள்ளி மாணவர்கள் செய்த குட்டிச் செயற்கைக்கோள்களோடு ஒரு ராக்கெட் பட்டிபுலத்தில் இருந்து பறந்தது. 2024 ஆகஸ்டு 24-ந் தேதி திருவிடந்தையில் இருந்து "ரூமி-1" கிளம்பியது. இரண்டும் சென்னைக்குத் தெற்கே உள்ள கடலோர ஊர்கள்.

நம் திருக்கனூர்ப் பிள்ளைகளும் ராக்கெட் விட வேண்டும் என்பது என் ஆசை. காகிதக் கூழ் பொம்மைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. சின்ன ராக்கெட்டின் உடம்பும் காகிதக் குழாய்தானே!

ஆனால் ஒரு நிபந்தனை. முதலில் இறக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஒன்றரை கிராம்!

பெரிய மாதிரி ராக்கெட் உச்சிக்குப் போனதும் அதன் வயிற்றுக்குள் சிறிது கருமருந்து எரியும். புகை நிரம்பி மூக்கைத் தள்ளும். மடித்து வைத்த பாரசூட் வெளியே வந்து விரியும்.

மருந்து குறைந்தால்? மூக்கு அசையாது. ராக்கெட் ஈட்டி போல் கீழே பாயும். கரும்புக் கொல்லையில் வேலை செய்கிறவர் கதி என்ன? மருந்து கூடினால் குழாய் கிழியும், கயிறு அறும், துணி கருகும்.

4 அங்குல அகலம், 16 அங்குல நீளம் உள்ள அறைக்குச் சுமார் ஒன்றரை கிராம் மருந்து போதும். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் உண்டாகும். மூக்கின் மேல் 85 கிலோ பாரம்! வாட்டசாட்டமான ஓர் ஆள் ஏறி நிற்பது போல. அகலத்தை இரண்டு மடங்காக்கினால் மருந்து இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. "கண் அளவு" இங்கே செல்லாது. கணக்குப் போட்ட பிறகும், தெரிந்தவர்கள் தரையில் வைத்துச் சோதித்த பின்தான் பறக்க விடுவார்கள்.

ஸ்ரீஹரிகோட்டாவில் 2023 அக்டோபர் 21-ந் தேதி ககன்யான் சோதனை நடந்தது. ஆள் இல்லாத கூண்டு சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில் பிரிந்தது. அதைக் கடலில் பத்திரமாக இறக்க 10 பாரசூட்டுகள் தேவைப்பட்டன.

"தீபாவளிக்கு மூட்டை மூட்டையாய் வெடிக்கிறோம். ஒன்றரை கிராமுக்கா இவ்வளவு பேச்சு?" என்று கேட்கலாம். பட்டாசு சிதறினால் குற்றமில்லை; சிதறுவதுதான் அதன் வேலை. இந்த மருந்து சிதறக்கூடாது, தள்ள வேண்டும். உரிமம் இல்லாமல் வெடிமருந்து தயாரிப்பதும் சட்டப்படி குற்றம்.

ரூமி-1 வெடிமருந்தே இல்லாமல், மின்சாரத்தால் பாரசூட்டைத் திறக்கும் ஏற்பாட்டோடு செய்யப்பட்டது. பள்ளிகளுக்கு அந்த வழியே நல்லது என்பேன். மருந்தை எடை போடும் வேலை பயிற்சியும் உரிமமும் உள்ள பெரியவர்களிடம் இருக்கட்டும்.

பிள்ளைகள் பள்ளி மைதானத்தில் குழாயைப் படுக்க வைத்து, சுருள்வில்லால் மூக்கைத் தள்ளிப் பார்க்கட்டும். பத்து தடவை தள்ளி, பத்து தடவையும் பாரசூட் சிக்காமல் வந்தால், பெற்றோரும் ஆசிரியரும் அனுமதிக்கு மனு எழுதலாம்.