எங்கே? எப்போது? எப்படி?

ஒருவன் ஒரு தொழிலைச் செய்தான் என்று கேட்டமாத்திரத்தே நம் உள்ளம் அமைவதில்லை. எங்கே செய்தான், எப்போது செய்தான், எப்படிச் செய்தான் என வினாக்கள் தொடர்ந்தெழுகின்றன. வினை, செய்பவன், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயன் என எட்டினைத் தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் எண்ணிவைத்தார். ஆங்கிலத்தில் வினையடைகளும் முன்னிடைச்சொற்களால் அமையும் தொடர்களும் உணர்த்துவனவற்றுட் பல இவ்வெட்டினுள் அடங்கும். ஆதலின், மாணவர்களே, பொருள் நமக்குப் புதிதன்று. சொல்லும் முறையே புதிது.

"மருதமுனை நெசவாளி நேற்றுத் தறியில் கவனமாக வேலை செய்தார்" என்பது நம் வழக்கு. காலம், இடம், விதம் என்று வந்து, ஈற்றில் வினை நிற்கிறது. ஆங்கிலேயர் "த வீவர் வேர்க்ட் கெயார்புலி அற் த லூம் யெஸ்டர்டே" என்பர். அங்கே வினை முன்னே. பின் விதம், இடம், காலம். கண்ணாடியிற் கண்ட உருவம்போல வரிசை முழுவதும் திரும்பிவிடுகிறது. இதனை மனத்திற் கொண்டால் பிழைகளிற் பாதி நீங்கும்.

இனி, நம் 'இல்' உருபு பெயரின் பின்னே ஒட்டி நிற்கும். ஆங்கிலச் சொல்லோ பெயரின் முன்னே தனித்து நிற்கும். கல்முனைச் சந்தியில் என்பதற்கு 'அற்', கடற்கரையில் என்பதற்கு 'ஒன்', காலையில் என்பதற்கு 'இன்' என்று ஓர் உருபு மூன்றாகப் பிரிவதையும் காண்க.

இடம் மாறினால் பொருளும் மாறும். "காணி விற்றவரைத் தந்தை வெள்ளிக்கிழமை சந்தித்தார்" என்பதில் ஐயமில்லை. சந்தித்த நாளே வெள்ளி. இதனை "பாதர் மெற் த மான் ஹூ சோல்ட் த லாண்ட் ஒன் பிரைடே" என்று எழுதினால், காணி விற்ற நாளே வெள்ளி என்றும் படிப்பவர் கொள்வர். 'ஒன் பிரைடே' என்பதை வாக்கியத்தின் தலைப்பில் வைத்தால் மயக்கம் தீரும்.

இது வெறும் பரீட்சைக் காரியமன்று. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையோர ஊர்களைத் தாக்கியபோது, வீட்டோடு காணி உறுதிகளையும் இழந்தோர் பலர். அத்தகையோருக்காக விண்ணப்பமும் வாக்குமூலமும் எழுதும்போது, எங்கே, எப்போது என்பவை உரிய இடத்தில் நின்றாலன்றி உண்மையும் பொய்போலத் தோன்றிவிடும். வீட்டில் முதன்முதல் ஆங்கிலம் கற்ற பிள்ளையிடமே பெற்றோர் அத்தகைய கடிதத்தை ஒப்படைப்பர். அப்பிள்ளையின் கையில் ஒரு குடும்பத்தின் உரிமை இருக்கிறது.

இவ்வாரப் பயிற்சி: "சாய்ந்தமருதிலிருந்து வந்த முதியவர் நேற்றுக் கடற்கரையில் மெதுவாக நடந்தார்." இதனை ஆங்கிலத்தில் எழுதுக. நான்கு தொடர்களுள் எவை நடத்தலைச் சார்ந்தவை, எது முதியவரைச் சார்ந்தது என்று முதலிற் பிரித்துக்கொள்க. பின்னரே பேனாவை எடுக்க.