‘கியர்பாக்ஸ் போச்சு’ என்பது ஒரு பதிலா?



ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள். கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

கியர் சரியாக மாறவில்லை என்று ஒர்க்‌ஷாப்பில் விட்டால், ஸ்கேனரைக் கூடச் செருகாமல் “கியர்பாக்ஸ் போச்சு சார்” என்கிறார்கள். நாமும் கடன் வாங்கிக் கட்டுகிறோம். விடையை மட்டும் எழுதி வழிமுறையை எழுதாத பையனுக்கு நான் மார்க் போட்டதில்லை. இவர்களுக்கு மட்டும் ஏன் லட்சக்கணக்கில் போடவேண்டும்?

போன மாதம் நடந்தது இது. 2024-இல் தோட்ட வேலை நின்று பலரும் கீழே இறங்கிவிட்டாலும், மாஞ்சோலையை விட முடியாமல் அனுமதி வாங்கிப் போய் வருகிறவர்கள் நம்மில் உண்டு. என் அக்கா மகனும் போனான். நல்ல மழை. மணிமுத்தாறு அருவிக்கு மேலே ஏறும்போது வண்டி மூன்றாவது கியரிலேயே நின்றுவிட்டது. ஸ்பீடோமீட்டர் முள்ளும் திடீர் திடீரென்று சுழியத்துக்கு விழுந்திருக்கிறது. எஞ்சினை அணைத்துப் போட்டால் கொஞ்ச தூரம் சரி, பிறகு அதே கதை.

நெல்லையில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப், பெயர் வேண்டாம், 1,60,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தது. முள் விழுந்ததைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

யோசியுங்கள். உள்ளே கிளட்ச் தேய்ந்திருந்தால் சாவியைத் திருகியதும் முளைத்து வருமா? சென்சாரிலிருந்து வரும் செய்தி நம்பும்படி இல்லையென்றால், கியர்பாக்ஸைக் காப்பாற்றக் கம்ப்யூட்டர் சோலனாய்டுகளுக்கு மின்சாரத்தை நிறுத்திவிடும். பெரும்பாலும் ஒரே ஒரு முன் கியரும் ரிவர்சும்தான் மிஞ்சும். இது பாதுகாப்பு ஏற்பாடு. அந்த வண்டியில் ஸ்பீடோமீட்டருக்கும் கியர்பாக்ஸ் வெளிவேகச் சென்சார்தான் செய்தி தருகிறது. இரண்டும் சேர்ந்து கெட்டால் முதலில் எங்கே பார்க்கவேண்டும்? அம்பையில் ஒரு எலக்ட்ரீஷியன் தம்பி அங்கேதான் பார்த்தான். கோடு பி0720. சென்சார் பிளக்கில் தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருந்தது. சுத்தம் செய்து மாட்டினான், முடிந்தது.

ஸ்கேனரைத் தெய்வமாக்குகிறவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. பி0700 என்பது ஹெட்மாஸ்டர் அறைக்கு ஒரு புகார் வந்திருக்கிறது என்பது போல. யார், என்ன செய்தான் என்பது அடுத்த கோடில் இருக்கும். பி0750 வந்தால் சோலனாய்டைத்தான் வாங்கவேண்டும் என்றில்லை. எலி கடித்த வயர், தளர்ந்த எர்த், இறங்கிப்போன பேட்டரி எதுவாகவும் இருக்கலாம். மீட்டர் வைத்து அளந்தால்தான் தெரியும்.

ஆயிலையும் பார்க்கவேண்டும், அந்த வண்டியின் கையேடு சொன்னபடி. கருகிய வாடையும் இரும்புத் தூளும் இருந்தால் சரி, பெட்டியைத் திறக்கட்டும், நான் மறுக்கவில்லை.

ஏஎம்டி வேறு சாதி. 2014-இல் மாருதி செலேரியோவோடு நம்மூர்ச் சாலைக்கு வந்தது. அது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்ச் மிதிக்கிற வேலையையும் கியர் மாற்றுகிற வேலையையும் கம்ப்யூட்டர் செய்கிறது. கிளட்ச் மாற்றினால் புது கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும். அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, வண்டி குலுங்கினால் ஆக்சுவேட்டரையும் மாற்றச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

“மாமா, காசு போனா சம்பாதிக்கலாம்” என்றான் மருமகன். காசு மட்டுமில்லையப்பா. நாலுமுக்கிலிருந்து மூன்றாவது கியரிலேயே இறங்கினால் எஞ்சின் பிடிக்காது, பாரம் முழுக்க பிரேக்கின் தலையில். பிரேக் கொதித்தால் அந்த வளைவுகளில் என்ன ஆகும் என்று அங்கே வளர்ந்த உங்களுக்குத் தெரியும். கோளாறைக் கண்டுபிடிக்காமல் பெட்டியை மட்டும் மாற்றினால், அந்தப் பச்சை பூத்த பிளக் புதுப் பெட்டியிலும் மாட்டப்பட்டு மறுபடி மலை ஏறியிருக்கும்.

இப்போது கையில் எஸ்டிமேட் வைத்திருக்கிறவர்கள் பணம் கட்டாதீர்கள். கோடு எண், எதை எதை அளந்தார்கள், எவ்வளவு வந்தது என்று எழுதிக் கேளுங்கள். தர மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அம்பைத் தம்பியின் நம்பர் வேண்டுமென்றால் எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள்.